கோடாரியின் மூக்கு

பன்னிரண்டு வருஷம் கழித்து அந்தக் கற்கோடாரி செண்பகவல்லியின் ஆய்வுக்கூடத்துக்கே வந்து சேர்ந்தது. மாணவியாக இருந்தபோது ஆற்றங்கரைக் குழியில் அதைத் தோண்டி எடுத்தவளே அவள்தான். பேராசிரியர் கோமதிநாயகமோ நாற்பது மைல் தள்ளி, தன் குழியில் கிடைத்ததாக எழுதி விருது வாங்கிவிட்டார். கேட்டவளுக்குப் பொறாமைக்காரி என்ற பட்டம்தான் மிச்சம்.

கல்லில் கலந்திருக்கும் தாதுக்களை அளந்து, அது எந்தப் பாறையில் பிறந்ததென்று சொல்லும் கருவி இப்போது அவள் கையில். மூன்று முறை பார்த்தாள். ஆற்றங்கரைப் பாறையேதான்.

முடிவைச் சொன்னதும் பேராசிரியருக்கு வியர்க்குமென்று பார்த்தால் துள்ளிக் குதித்தார். “பாத்தியாம்மா! ஆதிமனுஷன் நாப்பது மைல் சுமந்துட்டு வந்திருக்கான்! இதுக்கே ஒரு விழா எடுக்கலாம்.”

“எடுங்க சார். உங்க வாயாலயே சொல்லுங்க. நான் பக்கத்துல நிக்கிறேன்” என்றாள், பால் வடியும் முகத்தோடு.

மேடையில் அவர் கோடாரியைத் தூக்கிக் காட்டினார். அதன் மூக்கு உடைந்திருந்தது. “நான் எடுக்கும்போதே இப்படித்தான். வேட்டையில உடைஞ்சிருக்கும்.” அரங்கம் கைதட்டியது.

உடைத்தது செண்பகவல்லியின் கடப்பாரை. திட்டு விழுமென்று பயந்து அன்றைக்கு அந்தச் சில்லைக் குங்குமச் சிமிழில் ஒளித்தவள், இன்றுவரை யாரிடமும் மூச்சு விட்டதில்லை.

கைதட்டல் ஓயும்வரை பொறுமையாக இருந்தாள். பிறகு கைப்பையிலிருந்து சிமிழை எடுத்தாள்.

“சார், கோடாரியைக் கொஞ்சம் இப்படி நீட்டுங்க.”