ஒரே ரசிகர்

"பழைய போர்விமானத்தோட இன்ஜின் சத்தம்டி இது. இதைப் போய் இரைச்சல்னு சொல்றாரே எதிர்வீட்டு ஞானசூனியம்." மாடிக்குக் குடிவந்த ஆடிட்டர் ஸ்பீக்கரை இன்னும் கூட்டி வைத்தார்.

"கீழ்வீட்டம்மாவும் சொல்லிச் சொல்லி அலுத்துட்டாங்க," என்றாள் மனைவி.

"அந்தம்மா கிடக்காங்க. அவங்க வீட்டுக்காரர் இந்த மூணு மாசத்துல ஒரு வார்த்தை சொன்னாரா? அவர் ரசிகர்."

அந்த ரசிகரையே சாட்சிக்குக் கூட்டிவர ஆடிட்டர் கீழே இறங்கினார். கீழ்வீட்டம்மாள்தான் கதவைத் திறந்தாள்.

"சாருக்கு இந்த இன்ஜின்னா உயிர் போலயே?"

"இருபது வருஷம் இதுக்குத்தான் மெக்கானிக்கா இருந்தார். அதுலயே ரெண்டு காதும் போச்சு. நீங்க போடுறது அவருக்குக் கேக்காது தம்பி. எனக்குத்தான் கேக்குது."