வாய்க்கரிசி

மருத்துவர் பேனாவை அழகுமலையின் முகத்துக்கு நேரே பிடித்து, மெதுவாகக் கீழே இறக்கினார்.

பேனா மூக்கைத் தாண்டியது. மார்பைத் தாண்டியது.

கண்கள் வரவில்லை.

"பேனாவைப் பாருங்கய்யா."

நெற்றி சுருங்கியது. கன்னம் துடித்தது. கண்கள் மட்டும் எதிர்ச்சுவரிலேயே நின்றன.

அவள் பக்கத்து முக்காலியில் இருந்தாள். வேண்டுமென்றே செய்கிறாரோ என்று நினைத்தாள். முப்பத்தோரு வருடம் கூட வாழ்ந்தவளுக்கு அப்படித்தான் தோன்றியது.

மருத்துவர் எழுந்து வந்து அவர் தலையை இரண்டு கைகளாலும் பிடித்தார். "என் மூக்கையே பாருங்க." மோவாயை மெல்ல மேலே தூக்கினார்.

கண்கள் இறங்கின.

தானாக. படுக்கவைத்த பொம்மைக்கு இறங்குவதுபோல.

"பாத்தீங்களாம்மா? கண்ணுல குறை இல்ல. மூளைக்குள்ள ஒரு இடம் தேஞ்சுக்கிட்டு வருது. தலையை நாம அசைச்சா கண்ணு இறங்கும். அவரா நினைச்சா இறங்காது. கழுத்தும் இறுகிப்போச்சு. அதான் படியில விழுறாரு, தட்டுல சோத்தைத் தேடுறாரு."

"எப்ப இருந்து சார்?"

"வருஷம் ஒண்ணாவது இருக்கும்."

அவள் மனதுக்குள் பின்னோக்கிப் போனாள். ஆனி. வைகாசி. சித்திரை.

பங்குனியில் நின்றாள்.

மருத்துவர் நோயின் பெயரைச் சொன்னார். நீளமான பெயர். அவள் காதில் ஏறவில்லை.

"அவர் எதையாச்சும் பாக்கணும்னா என்ன செய்யணும் சார்?"

"அவர் கண்ணுக்கு நேரா தூக்கிக் காட்டணும்."

அழகுமலை சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை உருவினார். கூடவே நாலைந்து பச்சரிசி தரையில் சிதறின. அவருக்குத் தெரியவில்லை.

அவள் குனிந்து பொறுக்கினாள். மூன்று மாதமாகத் துவைக்கிற கல்லிலும் இதே அரிசிதான். கடையில் பையை ஒழுங்காகப் பிடிக்கத் துப்பில்லை என்று சுவரைப் பார்த்து ஏசியிருக்கிறாள். அவரிடம் நேராகப் பேசுவதை அப்போதே விட்டிருந்தாள்.

பேருந்தில் ஜன்னலோரம் அவரை உட்காரவைத்தாள். அவர் முன்சீட்டின் கம்பியைப் பார்த்தபடி வந்தார்.

பங்குனியில் அவருடைய அண்ணன் பெரியகருப்பன் இறந்துபோனார். கிணற்று மோட்டாரை யார் எந்தக் கிழமை போடுவது என்பதில் தொடங்கி, எட்டு வருடம் இருவருக்கும் பேச்சில்லை.

ஆனாலும் போனார். எல்லோருக்கும் அது ஆச்சரியம்.

பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். தாழ்ந்த பெஞ்சு. எல்லோரும் குனிந்து குனிந்து அரிசி போட்டார்கள். இவர் முறை வந்தபோது விறைத்து நின்றார். எதிர்வீட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டே கையை நீட்டி விரல்களை விரித்தார். அரிசி மாலைமேல் விழுந்தது.

"அரிசியைக்கூட மூஞ்சியப் பாத்துப் போட மனசில்லையே இந்த மனுசனுக்கு" என்று மதினி மார்பில் அடித்துக்கொண்டாள்.

கூட்டம் திரும்பி இவளைப் பார்த்தது.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும் முன்பே அவர் ஒன்று கேட்டார். ஏற்ற இறக்கம் இல்லாத குரலில்.

"விழுந்துச்சா?"

செய்வதையும் செய்துவிட்டு நக்கல் வேறா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதில் சொல்லவில்லை. அன்றைக்கு மூடிய வாய்.

ஊர் வந்தது. அவரைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறக்கினாள்.

நிறுத்தத்துக்குப் பின்னால் பள்ளிக்கூடச் சுவர். அதில் கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ் இன்னும் கட்டியிருந்தது. பெரியகருப்பன் ஆளுயரத்துக்கு நின்றார். வெள்ளைச் சட்டை, கும்பிட்ட கை.

சாயங்காலமானால் இவர் அதன்முன் போய் நிற்பார் என்று அவளுக்குத் தெரியும். டீக்கடையில் ஒருவன் அவள் காதுபடவே சொல்லியிருக்கிறான்: "செத்த பிறகும் அண்ணனை முறைக்க டூட்டிக்கு வந்துட்டாருடா அழகுமலை. கண்ணைக்கூடச் சிமிட்ட மாட்டேங்கிறாரு பாரு."

அதற்காகவும் சுவரைப் பார்த்து ஏசியிருக்கிறாள்.

இன்று அவர் கையை விட்டாள்.

அவர் சின்னச் சின்ன அடியாக வைத்துப் போனார். அவளும் பின்னால் போனாள்.

இவ்வளவு கிட்டத்தில் அவள் அந்தப் படத்தைப் பார்த்ததில்லை. சட்டையில், கையில், நெற்றியில் எல்லாம் சாயம் அப்படியே இருந்தது. வாய் மட்டும் தேய்ந்து வெளுத்திருந்தது.

சுவர் ஓரமாக இரண்டு கோழிகள் ஓடி வந்தன. அவர் காலடியில் வந்து நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்தன.

அவர் சட்டைப் பைக்குள் கையை விட்டார். துழாவினார். மூடிய கையை அண்ணனின் வாய்வரைக்கும் கொண்டுபோய் அழுத்தித் திறந்தார்.

அரிசி வழுக்கிக் கீழே விழுந்தது.

கோழிகள் கொத்தின.

அவர் அண்ணனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் சுவரில் முதுகைத் தேய்த்துக்கொண்டு, படத்துக்குப் பக்கத்தில், அவர் கண்ணுக்கு நேராக வந்து நின்றாள். குதிகாலை உயர்த்தவேண்டியிருந்தது.

கடைசி அரிசியையும் கோழி எடுத்துக்கொண்டு போவது அவளுக்குத் தெரிந்தது.

"விழுந்துருச்சுங்க" என்றாள்.