சோளகத்துக் கேள்வி

"அக்கா, இத எழுதினது உங்கட மகன் இல்ல."

ஹஸ்மி கணினித் திரையை எமிலியாவின் பக்கம் திருப்பினான். கற்பிட்டிக் கடைத்தெருவில் போட்டோ கொப்பி எடுப்பதும் மின்னஞ்சல் பார்த்துக் கொடுப்பதுமே அவன் தொழில். இவ்வளவு பாரமான ஒரு வசனத்தை அந்தச் சின்னக் கடையில் அவன் இதற்கு முன் சொன்னதில்லை. எத்தாளையிலிருந்து பஸ்ஸில் வந்த களைப்போடு எமிலியா கதிரையில் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியை எடுத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

கடிதம் இத்தாலியிலிருந்து, மகன் கிளைட்டனின் பெயரில் வந்திருந்தது. அதன் அச்சை எமிலியா திங்கட்கிழமையே வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தாள். ஆகஸ்டில் தலவில அன்னம்மாள் திருநாளுக்குக் குடும்பத்தோடு வர விருப்பம். பப்பா வரச் சொன்னால் சனிக்கிழமை டிக்கெட் போடுவேன். பதில் வராவிட்டால் வரவேண்டாம் என்று எடுத்துக்கொள்வேன்.

அன்று வெள்ளிக்கிழமை.

தகப்பன் அன்ரனிப்பிள்ளைக்கும் மகனுக்கும் நான்கு வருடமாகப் பேச்சில்லை. மீன்பிடி சீசன் தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது, அன்ரனிப்பிள்ளையிடம் ஒரு சொல் சொல்லாமல் கிளைட்டன் பிளேன் ஏறியதில் வந்த கோபம். வீட்டில் இருக்கும் ஒரே போன் அன்ரனிப்பிள்ளையின் சட்டைப்பையில். மகன் எடுக்கட்டும் என்று அவரும், பப்பா எடுக்கட்டும் என்று அவனும் இருந்துவிட்டார்கள். போன வருடம்தான் 'பப்பா, என்னை மன்னியுங்க' என்று முதல் மின்னஞ்சல் வந்தது. அதன்பிறகு மாதம் ஒன்று வரும். ஹஸ்மி அச்செடுத்துக் கொடுப்பான், எமிலியா வீட்டுக்குக் கொண்டுபோவாள். அடுத்த கிழமை வந்து, "அவர் இப்பிடிச் சொல்றார்" என்று பதிலைச் சொல்லுவாள். அவன் டைப் செய்து அனுப்புவான்.

இந்த முறை வந்தது புது முகவரியிலிருந்து, பெயருக்குப் பின்னால் மூன்று இலக்கங்களோடு. குப்பை மின்னஞ்சல்கள் விழும் பெட்டியில், உடம்பு மெலிய வைக்கும் மாத்திரைக்கும் லொத்தர் பரிசுக்கும் நடுவில் கிடந்தது. மேலே ஒரு மஞ்சள் பட்டை: அனுப்பியவரை உறுதிப்படுத்த முடியவில்லை.

இந்த விசயத்தில் ஹஸ்மி நிபுணன். கார் பரிசு விழுந்திருக்கிறது என்ற மின்னஞ்சலை நம்பி, கார் உள்ளே வர வசதியாக வீட்டு மதிலை இடித்தவன். கார் வரவில்லை. அந்த இடைவெளியால் ஊர் ஆடெல்லாம் வந்து போகின்றன. அன்றிலிருந்து, சொந்த மச்சான் அனுப்பும் பெருநாள் வாழ்த்தைக்கூட போன் எடுத்து விசாரித்துவிட்டுத்தான் திறப்பான்.

ஆகவே முந்தாநாள், எமிலியாவைக் கேட்காமலே, அந்தப் புது முகவரிக்கு மூன்று கேள்விகள் அனுப்பியிருந்தான். பதில் வந்திருந்தது. பப்பாவின் முதல் வள்ளத்தின் பெயர் சரி. வீட்டு நாயின் பெயரும் சரி. மூன்றாவது கேள்வி, தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசும் மாதங்களில் பப்பா எங்கே வலை போடுவார் என்பது. 'சோளகத்தில் கடல் கொந்தளிக்கும். பப்பா தொழிலுக்குப் போகாமல் வீட்டில் இருப்பார்' என்று எழுதியிருந்தது.

"எத்தாளையில மீன் புடிக்கிற வீட்டுப் புள்ள இப்பிடி எழுதுமா, அக்கா? சோளகத்துல பெருங்கடல் மூடினா எல்லாரும் கரைக்குள்ள இருக்கிற களப்புக்குத்தான் போறது. அது எனக்கே தெரியும். நான் முழங்கால் தண்ணியில நிண்டாலே சத்தி எடுக்கிறவன்."

ஹஸ்மிக்குத் தலை சுற்றியது. கள்ளன் என்றால் நாயின் பெயர் எப்படித் தெரியும்? மகன் என்றால் காற்று எப்படித் தெரியாமல் போகும்? பணம் கேட்கவில்லை, வங்கி இலக்கம் கேட்கவில்லை. பப்பாவுக்கு இருமல் குறைந்ததா, இஞ்சி போட்டுக் குடிக்கிறாரா என்று கேட்டிருந்தது. இப்படி ஒரு மோசடியை அவன் கண்டதேயில்லை. எதை நினைத்தாலும் அடுத்த நிமிடம் அதற்கு எதிரானதுதான் சரிபோல் இருந்தது.

கடைசியில் தனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் சொன்னான். இந்த முகவரியைத் தடுத்துவிட்டால் இனிமேல் எதுவும் வராது, வீட்டுக்கு நிம்மதி. மவுஸைப் பிடித்த கை அந்தப் பொத்தானுக்குப் போய்விட்டது.

"கைய எடு, தம்பி," என்றாள் எமிலியா. "கிளைட்டன் இல்லை எண்டு எனக்கு முதல் கடிதத்திலயே தெரியும். பாவசங்கீர்த்தனத்தில சாமியாரிட்டயே மன்னிப்புக் கேக்காதவன், பப்பாட்டக் கேப்பானா? இது மருமகள். ஷானிகா. சிலாபத்துப் பக்கம் தென்னந்தோட்டத்தில வளந்த பிள்ளை. சோளகம், வாடை எல்லாம் அவளுக்கு ஒரே காத்துத்தான்."

ஹஸ்மி மவுஸை விட்டான். அப்படியென்றால் கிளைட்டனுக்கு இது தெரியுமா என்று கேட்டான். தெரியாது என்றாள். இங்கிருந்து போகிற பதில்களை மட்டும் ஷானிகா அவனுக்குக் காட்டுகிறாள்போல. பப்பாவே இறங்கி வந்து எழுதுகிறாரே என்று மனம் இளகித்தான் வரச் சம்மதித்திருப்பான்.

ஹஸ்மி புது முகவரியை நம்பிக்கையானவர்கள் பட்டியலில் சேர்த்துவிட்டு, கீபோர்டை இழுத்துக்கொண்டான். அன்ரனிப்பிள்ளை அண்ணன் என்ன சொன்னார், வரச் சொன்னாரா என்று பயந்து பயந்து கேட்டான்.

எமிலியா கண்ணாடியைக் கழற்றினாள்.

"எழுது. 'அன்பு மகனே, கட்டாயம் வா. உன்னைப் பாக்க எனக்கு ஆசையா இருக்கு. பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா.' அவ்வளவுதான்."

டைப் செய்து முடித்தபோது ஹஸ்மிக்கு எழுத்துகள் கலங்கித் தெரிந்தன. அண்ணன் ஆள் முரடு என்றாலும் என்ன அருமையாக எழுதுகிறார் என்றான்.

"ஓம் தம்பி, ஒரு வருசமா நல்லாத்தான் எழுதுறார்," என்றாள் எமிலியா, எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டே. "அது அவருக்குத்தான் இன்னும் தெரியாது."