வில்லையில் ஒரு விரிசல்

"கழுகு ரெடி சார். நாளைக்குக் காலைல பத்து மணிக்கு வாசல்ல மாட்டிடுவாங்க" என்றாள் டீம் மேனேஜர் கனிமொழி, போனில்.

"விருத்தாசலத்துல கழுகை எங்கம்மா பார்த்தீங்க?" என்றார் அகஸ்டின்.

"அது ஓனரோட கம்பெனி சின்னம் சார். உங்களுக்கு ஒரு வாரம் டயம் கொடுத்தாச்சு. சாயந்தரத்துக்குள்ள விரிசலோட வில்லை வந்தா அதை மாட்டறோம். வரலைன்னா கழுகுதான்."

அகஸ்டின் போனைச் சட்டைப் பையில் போட்டார். சூளைக்கு முன்னால் ஏழு பீங்கான் வில்லைகள் கிடந்தன. ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அகலம். நான்கில் விரிசலே இல்லை. மூன்று இரண்டாகப் பிளந்திருந்தன. எட்டாவது, கடைசி வில்லை, சூளைக்குள் ஆறிக்கொண்டிருந்தது.

விருத்தாசலம் பீங்கான் எஃப்.சி., சூளைத் தொழிலாளர்கள் சேர்ந்து தொடங்கிய டீம். இந்த வருடம்தான் சென்னைக்காரர் ஒருவர் வாங்கி, சம்பளத்துக்கு ஆட்களை எடுத்து, புரொஃபஷனல் லீக்கில் இறக்கியிருந்தார். ஜெர்ஸி மாறியது, கோச் மாறினார். ஒரு பழக்கம் மட்டும் முப்பது வருடமாக மாறவில்லை. மைதானத்துக்குள் இறங்குகிற ஒவ்வொருவனும், வாசலில் பதித்திருந்த வில்லையின் விரிசலை விரலால் தடவிவிட்டுத்தான் போவான். போன மாதம் வாசலை இடித்துக் கட்டியபோது அந்த வில்லை விழுந்து தூளாகிவிட்டது. புதிதாக ஒன்று செய்து பெயிண்டில் கோடு இழுத்துவிட முடியாது. விரலுக்குத் தெரிந்துவிடும்.

அந்த விரிசலுக்கு ஒரு கதை உண்டு. டீம் ஆடிய முதல் ஃபைனலின்போது வில்லை சூளைக்குள் இருந்தது. கேப்டன் அர்ச்சுனன் மண்டை பிளந்து விழுந்தார். கட்டுப் போட்டுக்கொண்டு வந்து கோல் அடித்தார். மாலையில் சூளையைத் திறந்தால் வில்லையில் விரிசல். ஆனால் உடையவில்லை. அர்ச்சுனன் விழுந்த அதே நொடியில்தான் அது விரிந்தது என்று ஊர் நம்பியது. ஓனர் வழவழத் தாளில் அச்சடித்த கிளப் வரலாறும் அதையே சொன்னது.

அந்தப் புத்தகத்தில் அகஸ்டின் பெயர் இல்லை. ஃபைனலில் அவர் ரிசர்வ் கோல்கீப்பர். பெஞ்சை விட்டு எழவே இல்லை. டீம் போட்டோவில் அவருடைய முழங்கை மட்டும் ஓரத்தில் இருந்தது. பேரும் இல்லை, முகமும் இல்லை, சரி. விரிசலும் போய்விட்டால் அந்த டீமில் தன்னுடையது என்று தொட்டுப் பார்க்கக்கூட எதுவும் இருக்காது என்று அவருக்குப் பட்டது.

மனைவி ஆக்னஸ் டிபன் கேரியரோடு வந்தாள்.

"என்னங்க, இன்னும் வரலியா?"

"கத்தியால கீறிப் பார்த்தேன், ரெண்டாப் போயிடுச்சு. மண்ணை மாத்திப் பார்த்தேன், ஒண்ணுமே ஆவல. அர்ச்சுனன் மறுபடி விழுந்து எழுந்தாத்தான் வரும்போல."

"அந்த ஆளு இப்ப விழுந்தா எழுந்திருக்க மாட்டாரு. சாப்பிடுங்க."

ஆக்னஸுக்கு ஃபுட்பால் ஆகாது. கல்யாணமான நாளிலிருந்து ஒரு மேட்சுக்கும் வந்ததில்லை. கூப்பிட்டால், "சூளைல வேர்த்து ஊத்தினது போதாதா, வெயில்ல வேற வந்து நிக்கணுமா?" என்பாள்.

அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை அவள் பிளந்த துண்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"உள்ள எவ்ளோ சூடு இருக்குது?"

"இருநூத்தி எண்பது."

"கதவைத் திறங்க."

"பைத்தியமா உனக்கு? இந்தச் சூட்டுல திறந்தா படார்னு போயிடும். முப்பது வருஷத்துல நூறுக்கு மேல இருக்கறப்போ நான் கதவைத் தொட்டதே இல்ல."

"அதனாலதான் உங்களுக்கு வரல."

அவர் எழுவதற்குள் அவளே துணியைச் சுற்றிப் பிடித்துக் கதவை நாலு விரல் அகலத்துக்கு இழுத்தாள். அனல் முகத்தில் அடித்தது. சிலுவை போட்டுக்கொண்டு 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல்ல ஆரம்பித்தாள். மூன்றாவது முடியும்போது உள்ளே 'டிக்' என்று கேட்டது. கதவைத் தள்ளி மூடிவிட்டாள்.

"போச்சு" என்றார் அகஸ்டின்.

சாயந்தரம் ஐந்து மணிக்குத் திறந்தார்கள். வில்லை முழுசாக இருந்தது. குறுக்கே தலைமுடி கனத்தில் ஒரு விரிசல். அகஸ்டின் கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டினார். அதேதான். போட்டோ எடுத்து அனுப்பினார். 'சூப்பர் சார், கழுகு கேன்சல்' என்று பதில் வந்தது.

"மூணு மரியே கணக்கு உனக்கு எப்படித் தெரியும்?"

"கல்யாணத்துக்கு முன்னாடி நான் பழைய வில்லை வெந்த சூளைலதான் வேலை பார்த்தேன், மறந்துட்டீங்களா? ஃபைனல் அன்னிக்கு டூட்டி என்னுது. சூளை ஆறாம வெளிய விட மாட்டாங்க. மேட்ச் நாலு மணிக்கு. சீக்கிரம் ஆறட்டும்னு ரெண்டு மணிக்கே திறந்துட்டேன். யாரும் வந்துடக் கூடாதுன்னு மரியே சொல்லிக்கிட்டு நின்னேன். மூணாவதுல டிக்குனுச்சு. பயந்துபோய் மூடிட்டு கிரவுண்டுக்கு ஓடிட்டேன்."

"அப்போ அர்ச்சுனன் விழுந்தது?"

"அவரு விழறதுக்கு முன்னாடியே அது விட்டுப்போச்சு."

அகஸ்டினுக்கு முப்பது வருடமும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது.

"உனக்குத்தான் ஃபுட்பாலே ஆகாதே. அர்ச்சுனனைப் பார்க்கவா அப்படி ஓடின?"

ஆக்னஸ் டிபன் கேரியரை அடுக்கி மூடினாள்.

"அந்த ஆளை யாரு பார்த்தா? தொண்ணூறு நிமிஷமும் நான் பெஞ்சைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன்."