கம்பெனி பஸ் வரும் நேரம்

ஓசூரின் காலைப் பனி ஜன்னல் கம்பிகளில் ஈரமாக நிற்கிறது. ஹாலில் பாய் விரித்து, தண்ணீர்க் குடத்தில் போனைச் சாய்த்து வைத்து, இருளாயி இரு கைகளையும் தலைக்கு மேலே தூக்குகிறாள். ஐம்பதை நெருங்கும் தோள்கள் நடுங்குகின்றன. “உடம்பு அசைஞ்சா மனசும் கொஞ்சம் அசையும்மா” என்று தூக்க மாத்திரை எழுதிக்கொடுத்த டாக்டர் சொன்னதைக் கேட்டு, சென்னையில் இருக்கும் மகள் இந்த ஆன்லைன் வகுப்பில் சேர்த்துவிட்டிருக்கிறாள். திரையின் சின்னக் கட்டங்களில் அவள் வயதுப் பெண்கள் டம்பெல் தூக்குகிறார்கள். இருளாயியின் கைகளில் இருப்பவை, சித்திரையில் மாரடைப்பில் போன கணவன் மாரிமுத்துவின் சேஃப்டி ஷூக்கள். முனையில் இரும்பு வைத்தவை. தோல் மடிப்புகளில் மெஷின் ஆயில் வாசம் இன்னும் போகவில்லை.

“அக்கா, கைல என்ன அது? டம்பெல் இல்லன்னா தண்ணி பாட்டில் எடுத்துக்கோங்க” என்கிறாள் பயிற்சி தரும் அருணா.

“இருக்கட்டும் தாயி. இதுவே கனமாத்தான் இருக்கு.”

தெருமுனையில் மாரிமுத்து வேலைக்குப் போய்வந்த கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கிறது. தூக்கிய கைகள் தாமாக இறங்குகின்றன. இருளாயி விடுவிடுவென்று போய்க் கதவைத் திறக்கிறாள். ஷூக்களை முனை தெருவைப் பார்க்க வாசற்படியில் வைத்து, குனிந்து நாடாவைத் தளர்த்திவிட்டு, உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுக்கிறாள்.

“பஸ்ஸு வந்துருச்சு, வெரசா வாங்க.”

பஸ் கிளம்பிப் போகிறது. ஹாலில் இருந்து, போனில் அருணாவின் குரல்தான் கேட்கிறது.

“என்னையாக்கா கூப்புட்டீங்க?”