இரவல் பிட்சர்

“இரவல் ஆளு பந்து போட்டுத்தான் நம்ம ஊரு ஜெயிக்கணுமாக்கும்!”

ஆர்லன் சூரியகாந்தி விதைத் தோலைத் துப்பினான். பெஞ்சில் அவனுக்கு இரண்டு பக்கமும் இடம் காலி. அந்த முகத்தைப் பார்த்தால் யாருக்கும் பக்கத்தில் உட்காரத் தோன்றாது.

பதினைந்து வருஷமாக ஊர் பேஸ்பால் டீமுக்குப் பந்து போடும் பிட்சர் அவன்தான். இந்த வருஷம்தான் முதல் தடவையாக மாநிலப் போட்டிக்கு வந்திருக்கிறார்கள். வந்ததும் மேனேஜர் வெர்ன் என்ன செய்தார்? தோற்றுப்போன பக்கத்து ஊர் டீமிலிருந்து இரண்டு பிட்சர்களை இரவல் வாங்கிவிட்டார். வாங்கலாம், அதற்குச் சட்டமே இருக்கிறது. அதுதான் ஆர்லனுக்கு இன்னும் எரிச்சல்.

இன்றைக்குப் பந்து அந்த இரண்டு பேரில் ஒருவனான கோல்பியின் கையில். ஜெயித்து நாளைக்கும் ஆடினால் இன்னொரு இரவல் ஆள். முப்பத்தெட்டு வயது ஆர்லனுக்கு அடுத்த வருஷம் என்று ஒன்று கிடையாது. தோள்பட்டை எப்போதோ சொல்லிவிட்டது.

பெஞ்சுக்குப் பின்னாலிருந்த கம்பி வலை வழியாக அவன் மனைவி பெக்கி கூப்பிட்டாள். கையில் பாதி கடித்த சாசேஜ் ரொட்டி.

“அந்தப் பையனோட மூளையைப் பார்த்தியா? வேகமா வரும்னு நினைச்சு நிக்கிறவனுக்கு மெதுவாப் போடுறான். மெதுவா வரும்னு காத்திருக்கிறவனுக்கு விர்ருன்னு போடுறான். எல்லாரையும் குழப்பி விட்டுட்டான்!”

“அவ்வளவு பிடிச்சிருந்தா அவனோடயே வீட்டுக்குப் போ.”

“போயிருப்பேன். நம்ம மூணு வாலுங்களையும் அவனால சமாளிக்க முடியுமான்னுதான் யோசிக்கிறேன்.”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். ஆர்லன் சிரிக்கவில்லை.

எட்டாவது இன்னிங்ஸ் முடிந்தது. ஒரே ஒரு ரன் முன்னால் இருந்தார்கள். கோல்பி வியர்வையைத் துடைத்துக்கொண்டு நேராக ஆர்லன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“ஆர்லன், கடைசி இன்னிங்ஸ்ல அவங்க பக்கம் லுட்கே மட்டை பிடிக்க வருவான். என் வேகப் பந்தை இன்னிக்கே ரெண்டு தடவை விளாசிட்டான். நீங்க அவனுக்கு நிறையப் போட்டிருக்கீங்களாமே. என்ன போடட்டும்?”

லுட்கேக்கு மெதுவாக வளைந்து வரும் பந்து என்றால் கேக் சாப்பிடுகிற மாதிரி. ஆர்லன் போட்ட அப்படிப்பட்ட பந்துகளில் மூன்று, வேலிக்கு அப்பால் சோளக்கொல்லையில் போய் விழுந்திருக்கின்றன.

“மெதுவா வளைச்சுப் போடு,” என்றான் ஆர்லன். “திணறிப்போவான்.”

“நிஜமாவா?”

“நம்பிக்கை இல்லைன்னா எதுக்குக் கேக்கறே?”

கோல்பி ஒரு கணம் அவன் முகத்தையே பார்த்தான். “சரி. அதையே போடறேன்.”

தோற்றால் நாளைக்கு ஆட்டமே கிடையாது. மொத்த ஊரும் மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அதெல்லாம் அப்போது ஆர்லனின் புத்தியில் ஏறவில்லை. கோல்பி தலைகுனிந்து திரும்பி வருகிற காட்சி மட்டும்தான் கண்முன் நின்றது.

இரண்டு பேர் அவுட், இன்னும் ஒருத்தன் அவுட்டானால் ஆட்டம் முடிந்தது. எதிரணி ஆட்கள் இரண்டு பேர் ஓடத் தயாராக நிற்கிறார்கள். லுட்கே மட்டையைச் சுழற்றிக்கொண்டே வந்தான்.

முதல் பந்து. மெதுவாக வந்தது. லுட்கேயின் கண் பளிச்சென்றது. முழு பலத்தோடு மட்டையை வீசினான். பந்து கடைசி நேரத்தில் சரிந்து, மட்டைக்கு ஒரு சாண் கீழே போனது.

இரண்டாவதும் அதேதான். இன்னும் கொஞ்சம் தாழ்வாக. மறுபடி வீசினான், மறுபடி காற்றுதான். மூன்றாவதும் தவறினால் அவுட்.

ஆர்லன் மெல்லுவதை நிறுத்தினான். மிட்டாயை எட்டாத தூரத்தில் நீட்டினால் குழந்தை எப்படித் தாவும், அப்படித் தாவிக்கொண்டிருந்தான் லுட்கே.

மூன்றாவது பந்து அவனிடம் வருவதற்குள் மண்ணிலேயே குத்தியது. அதற்கும் வீசினான்! பின்னால் குந்தியிருந்த கேட்சர் பந்தைப் பொறுக்கி அதால் அவன் முதுகைத் தொட்டதோடு ஆட்டம் முடிந்தது.

எல்லாரும் கோல்பியைத் தூக்கினார்கள். அவன் மேலேயிருந்தே கத்தினான்.

“என்ன போடணும்னு சொன்னது ஆர்லன்தான்! அவரைத் தூக்குங்க!”

வெர்ன் ஓடிவந்து ஆர்லனின் தொப்பியைப் பிடுங்கி, தலையில் ஒரு தட்டுத் தட்டினார்.

“இவ்வளவு மூளையை வச்சுக்கிட்டு இங்கே விதை மென்னுக்கிட்டு இருக்கே! நாளைக்குப் பந்து உனக்குத்தான்டா. இரவலும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்!”

வலைக்குப் பின்னால் பெக்கி குதித்தாள். ஆர்லன் தொப்பியைத் திரும்ப வாங்கி, கண் வரைக்கும் இழுத்து விட்டுக்கொண்டான்.

கார் நிறுத்துமிடத்தில் கோல்பியைத் தனியாகப் பிடித்தான்.

“கோல்பி... நான் உனக்கு அந்தப் பந்தைச் சொன்னது...”

“தெரியும்.” கோல்பி பையைக் காருக்குள் போட்டான். “போன வருஷம் நான் போட்ட அந்தப் பந்தையும் மரத்துக்கு மேலே அனுப்பினவன்தானே அவன்? வேற ஏதாவது வழி சொல்வீங்களான்னுதான் கேட்டேன். அவனுக்கு அது உசுரு. அதான் எட்டாத இடத்துலயே காட்டிக்கிட்டிருந்தேன்.”

“நான் பொய் சொல்றேன்னு தெரிஞ்சுமா என் பேரைச் சொன்னே?”

கோல்பி காரின் மேல் கையை ஊன்றிக்கொண்டான்.

“எங்க டீமுக்குப் புதுசா ஒருத்தன் வந்தான், ஆர்லன். என்னைவிட நல்லாப் போடுவான். ஒருநாள் இதே மாதிரி என்கிட்ட வந்து கேட்டான். நானும் நீங்க சொன்ன மாதிரிதான் பொய் சொன்னேன்... அவன் நம்பிப் போட்டு, செமத்தியா அடி வாங்கிட்டான். அதுக்கப்புறம் அவன் பந்தையே தொடலே.”