மெம்பர் போட்ட பாலம்

விமானத்தின் வாலில் பார்லிமெண்ட் மெம்பர் ஜோப் யாலோ பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். உள்ளே இன்னொரு ஜோப் யாலோ, "ஐயோ, என் காலு!" என்று அலறிக்கொண்டிருந்தார்.

வாலில் சிரித்தது பனியன். தேர்தல் நெருங்கிவிட்டது, தன் முகம் அச்சடித்த பனியன்களை ஜனங்கள் தலையில் கொட்டவேண்டும் என்று மெம்பருக்கு ஆசை. இறங்குவதற்கு முன் ஓடுபாதைமேல் ஒரு தடவை தாழப் பறக்கச் சொன்னார். பைலட் கிலா வேண்டாமென்று சொல்லிப் பார்த்தான். கட்டோடு வீசிய பனியன்கள் வாலில் சிக்கின. விமானம் மறுபடி மேலே ஏற முடியாமல், ஓடுபாதையைத் தாண்டிக் கவுப்பாவின் சர்க்கரைவள்ளித் தோட்டத்தில் மூக்கைச் சொருகிக்கொண்டது.

யம்பேலா என்ற அந்த மலையூரின் ஓடுபாதைக்குக் கவுப்பாதான் ஏஜெண்ட். மழை இல்லை, தரை காய்ந்திருக்கிறது, பன்றிகளை விரட்டியாயிற்று என்று அன்று காலை கோமுனா டவுனிலிருந்த கிலாவுக்குச் சொன்னவனும் அவன்தான்.

இரண்டு பேரையும் வெளியே இழுத்துப் போட்டார்கள். கிலாவுக்கு நெற்றியில் ஒரு புடைப்பு, அவ்வளவுதான். மெம்பரின் கணுக்கால் கிழங்கு மாதிரி வீங்கியிருந்தது.

கவுப்பாவின் பெண்டாட்டி அகத்தா நிறைமாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து தோட்டத்தைப் பார்த்தாள். "நான் தோண்டவேண்டிய கிழங்கையெல்லாம் அவரே தோண்டிட்டாரு. ஜெயிச்ச நாளிலிருந்து நமக்காக அவர் செஞ்ச முதல் வேலை இதுதான்."

கூட்டம் சிரித்தது. மெம்பர் சிரிக்கவில்லை.

"பல்லைக் காட்டாதீங்கடா! வேற பிளேனைக் கூப்பிடு!"

"எதுல கூப்பிடறது? உங்க பிளேன் ரேடியோ மண்ணுக்குள்ள கிடக்கு. ஊரு ரேடியோ செத்துப்போச்சு. நீங்கதானே போன எலெக்‌ஷன்ல புதுசு வாங்கித் தர்றேன்னீங்க?" என்றான் கவுப்பா.

கிலா ஏதோ சொல்ல வாயெடுத்தான். வாலில் சிரித்துக்கொண்டிருந்த பனியனை ஒரு பார்வை பார்த்தான். வாயை மூடிக்கொண்டான்.

"அப்போ நான் எப்படிடா கோமுனா ஆஸ்பத்திரிக்குப் போறது?"

"நாங்க போற மாதிரிதான். கம்புல கட்டித் தூக்கிட்டுப் போவோம், ரெண்டு நாள் நடை. இவளையும் போன பிரசவத்துக்கு அப்படித்தான் தூக்கிட்டுப் போனோம். ஆத்துக்குக் குறுக்கே போட்ட மரக்கட்டைமேல பாதி தாண்டும்போது பிள்ளை வெளிய வந்துடுச்சு. அதான் பையனுக்குக் 'கட்டை'ன்னே பேரு வச்சிருக்கோம். இப்போ மறுபடியும் மாசம் நிறைஞ்சு நிக்கிறா. திரும்பவும் அந்தக் கட்டைமேல இவளைத் தூக்கிட்டுப் போக என்னால ஆகாது."

"கட்டை எதுக்குடா? பாலம்தான் போட்டாச்சே! பேப்பர்ல போட்டோகூட வந்துச்சே!"

"அப்புறம் உங்களுக்கென்ன கவலை? நீங்க போட்ட பாலத்துமேலதான் போகப்போறோம்."

மெம்பரின் முகம் சுருங்கிப்போனது. அங்கே பாலம் இல்லை என்பது கவுப்பாவைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

"ஆத்துல... தண்ணி நிறைய போகுதா?"

"கரை தட்டிப் போகுது. கட்டை முழுக்கப் பாசி வேற. போன வாரம் பன்னி ஒண்ணு வழுக்கி விழுந்து அடிச்சிட்டுப் போயிடுச்சு. அது உங்களைவிட இளைச்ச பன்னி."

"கவுப்பா... தம்பி... சத்தியமாச் சொல்றேன். கால் சரியானதும் முதல் வேலை அந்தப் பாலம்தான்."

"கட்டையைத் தாண்டினதுக்கு அப்புறம் சொல்லுங்க, மெம்பரே. இந்தக் கரையில நின்னு எல்லாரும்தான் சொல்லுவாங்க."

இரண்டு கம்பு, நான்கு காப்பிச் சாக்கு. தூக்குபடுக்கை தயாராகிவிட்டது. தூக்க வந்த எட்டுப் பேரும் ஓடுபாதையில் பொறுக்கிய புதுப் பனியனை மாட்டிக்கொண்டு வந்தார்கள். எட்டு மெம்பர்கள் சிரித்துக்கொண்டே ஒரு மெம்பரைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அவருடைய அலறல் முதல் மலைமுகட்டைத் தாண்டி மெல்ல அடங்கியது.

"இனிமே கேக்காது இல்ல?" என்றான் கிலா.

"கேக்காது." கவுப்பா ஓடுபாதை ஓரத்துக் குடிசைக்குள் போய், மூலையிலிருந்த பெட்டியைத் திறந்து, குமிழைத் திருகினான்.

"கோமுனா, கோமுனா, யம்பேலா பேசறேன். தரை நல்லாக் காய்ஞ்சிருக்கு, பிளேன் அனுப்புங்க. ஏற ரெண்டே பேர்தான், ஒரு பைலட், ஒரு பிள்ளைத்தாச்சி."